எண்ணாத செல்லுக்கு விலை வைக்காதீர்கள்

சென்னையில் இதயச் செயலிழப்புக்குக் கட்டணம் வாங்கி ஸ்டெம் செல் செலுத்தும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும், அதற்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேபைத் திறந்துவிடும் இதய மருத்துவர்களுக்கும்,

பம்பிங் (இதயம் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் பங்கு) இத்தனை சதவீதத்திலிருந்து இத்தனைக்கு ஏறும், மூன்று சிட்டிங், மொத்தத் தொகை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று அச்சடித்த தாள்களோடு நோயாளிகள் ஓ.பி.க்கு வருகிறார்கள். அறுவை சிகிச்சை இல்லை, உங்கள் உடம்பிலிருந்தே எடுப்பது, பக்க விளைவு கிடையாது என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. எத்தனை செல், எந்த வழியாக, யார் எண்ணினார்கள், எந்த ஆய்வில் பலன் தெரிந்தது என்பது மட்டும் இல்லை. எக்கோ எடுப்பவர்கள், கேத் லேபில் நிற்பவர்கள், செல் ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ் ஓட்டுபவர்கள், இதயச் செயலிழப்பு கிளினிக்கில் மாத்திரை அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுபவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட இனி எங்களால் முடியாது.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்று எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை இதே ஊரில் தினமும் பார்க்கிறோம். அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். அந்தப் பெயருக்கு உள்ள நம்பிக்கையை எடுத்து இதயத்துக்கு ஒட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. மஜ்ஜை மாற்றில் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடம் மஜ்ஜை. அவை செய்ய வேண்டிய வேலை ரத்தம் உண்டாக்குவது. இரண்டும் அவற்றுக்குப் பழகியவை. இதயத்தில் நீங்கள் அவற்றிடம் கேட்பது வேறு வேலை.

முதலில் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரிகள். எங்களிடம் வரும் தாள்களில் பெரும்பாலும் ஒரே வரி: ஸ்டெம் செல் சிகிச்சை செய்யப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'இதயம் காப்போம்' திட்டத்தில் நெஞ்சுவலிக்காரருக்குக் கொடுப்பது 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. கிராமத்துச் செவிலியர் அதை எண்ணி, நேரம் போட்டு எழுதி அனுப்புகிறார். இதயத் தமனிக்குள் செலுத்தும் ஒரு பொருளுக்கு அந்த அளவுக் கணக்குகூட இல்லை என்றால், பிறகு ஏதாவது ஆனால் பார்க்கும் மருத்துவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது உங்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். இடுப்பெலும்பின் பின்மேட்டில் ஊசியைக் குத்தி ஒரே இடத்திலிருந்து 60 மி.லி. இழுத்தால், முதல் சில மி.லி.க்குப் பிறகு வருவது பெரும்பாலும் சாதாரண ரத்தம்தான். ஊசியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், வலிக்கும், இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குக் குத்திய இடத்தில் ரத்தம் கட்டும். எடுத்த மஜ்ஜையை உப்புநீரில் சமமாகக் கலந்து, செல்களை அடுக்கடுக்காகப் பிரிக்கும் ஃபைக்கால் திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றி, 400 ஜி விசையில் அரைமணி நேரம் அளவுக்குச் சுழற்ற வேண்டும். சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை அணைத்து வைக்காவிட்டால் நிற்கும்போது அடுக்குகள் கலங்கிவிடும். நடுவில் மெல்லிய வெண்படலமாக நிற்பதுதான் ஒற்றை உட்கரு செல் அடுக்கு. அதை எடுத்துக் குறைந்தது இரண்டு முறை கழுவ வேண்டும். சரியாகக் கழுவாமல் சிவப்பணுக்கள் மிஞ்சினாலும், ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெபாரின் மிஞ்சினாலும் செல்கள் காயப்பட்ட இடத்தை நோக்கி நகரும் திறன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இவ்வளவும் செய்த பிறகு கையில் இருப்பதும் முழுக்க ஸ்டெம் செல் அல்ல. அதில் பெரும்பகுதி லிம்ஃபோசைட், மோனோசைட் என்ற வெள்ளணுக்கள். ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லைக் காட்டும் சி.டி.34 அடையாளம் உள்ளவை சுமார் 1 சதவீதம். மீசன்கைமல் செல் என்று நீங்கள் விளம்பரத்தில் சொல்வது பத்தாயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. அது வேண்டுமென்றால் வாரக்கணக்கில் வளர்த்தெடுக்க வேண்டும். ஆகவே செலுத்துவதற்கு முன் மொத்த எண்ணிக்கை, டிரைபான் ப்ளூ சாயம் போட்டுப் பார்த்த உயிருள்ள செல் விகிதம், செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சி.டி.34 அளவு, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கிராம் சாயச் சோதனை, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சின் அளவு ஆகிய ஐந்தும் தாளில் வேண்டும். உயிருள்ளவை 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த மாதிரியை வெளியே விடக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. கிருமி வளர்ப்புச் சோதனையின் இறுதி முடிவு 14 நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் நோயாளி வீட்டில் இருப்பார். முடிவு மோசமாக வந்தால் அவரைக் கூப்பிட யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒன்றையும் நாங்கள் மிகையாகக் கேட்கவில்லை. நடைமுறையில் ஒரு சின்ன மாற்றம்கூட முடிவைப் புரட்டிவிடும் என்பதற்கு 2006இல் ஒரே இதழில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளே சாட்சி: ஒன்றில் பலன் தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை. செல்லைப் பிரித்த முறையும் சேமித்த திரவமும் வேறுபட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னர் ஆய்வகத்தில் ஒப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

அடுத்தது செலுத்தும் வழி. கை நரம்பில் டிரிப் ஏற்றுவது போல ஏற்றுவதை இதய சிகிச்சை என்று சொல்லாதீர்கள். நரம்பில் போகும் செல் இதயத்தின் வலப்பக்கம் வழியாக முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். வளர்த்தெடுத்த மீசன்கைமல் செல் 15 மைக்ரானுக்கு மேல் பருமன். நுரையீரல் தந்துகிகள் அதில் பாதிதான். பெரும்பகுதி அங்கேயே சிக்கிக்கொள்கிறது. தமனி வழியாகச் செய்வதென்றால் ஸ்டென்ட் வைத்த இடத்தில் பலூனை மெல்லிய அழுத்தத்தில் 3 நிமிடம் ஊதி ரத்தத்தை நிறுத்தி, அதன் நடுத்துளை வழியாகச் செலுத்தி, விட்டு விட்டு மூன்று முறை செய்கிறார்கள். அதில் தமனியின் உள்சுவர் கிழியலாம், செல் கட்டிகள் நுண்குழாய்களை அடைக்கலாம், சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்கு ஆஞ்சியோ சாயமே கெடுதல் செய்யலாம். இதய அறைக்குள் இருந்து ஊசியால் தசையில் குத்தும் முறையில், மெலிந்து போன சுவர் துளைபட்டு இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கும் அபாயம் உண்டு. தாளில் இருக்கும் பக்க விளைவு கிடையாது என்ற வரியை இவற்றோடு சேர்த்துப் படியுங்கள்.

தமனி வழியாகச் செலுத்திய மஜ்ஜை செல்களில் எத்தனை இதயத்தில் தங்குகின்றன என்று கதிரியக்கக் குறி போட்டு 2005இல் அளந்தார்கள். ஒரு மணி நேரம் அளவில் பார்த்தபோது 1.3 முதல் 2.6 சதவீதம். மிச்சம் கல்லீரலிலும் மண்ணீரலிலும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 கோடி செல் செலுத்தினால் தங்குவது 20 லட்சம். ஒரு பெரிய மாரடைப்பில் இழப்பது 100 கோடி தசைச் செல் வரை. தங்கிய அத்தனையும் தசையாக மாறினால்கூட இழந்ததில் 500-ல் ஒரு பங்கு. ஆனால் அவை தசையாக மாறுவதே இல்லை.

மாறும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் உங்கள் தாள்கள் சொல்வதில்லை. 2001இல் 'நேச்சர்' இதழில் பியரோ அன்வெர்சா குழுவினர் எலிகளில் மஜ்ஜை செல் இதயத் தசையாக மாறியதாக எழுதினார்கள். உலகமே அதன் பின்னால் ஓடியது. 2004இல் அதே இதழில் வேறு இரண்டு குழுக்கள் தங்கள் சோதனையில் மாறவில்லை என்று எழுதின. 2018இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் பிரிகாம் மருத்துவமனையும் அன்வெர்சா ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல் இருக்கிறது, அதை எடுத்து வளர்க்கலாம் என்ற வாதத்துக்கு அடிப்படையாக இருந்தவை அந்த ஆய்வகத்தின் கட்டுரைகள். இதயத் தசை தானாகப் புதுப்பித்துக்கொள்வது 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு என்பதை அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14ஐ வைத்து 2009இல் கணித்தார்கள். இயற்கை கொடுத்திருப்பது அவ்வளவுதான்.

மஜ்ஜை செல் தசையாக மாறாவிட்டாலும் சுரப்புகள் மூலம் உதவலாமே என்பீர்கள். அது நியாயமான கேள்வி. அதைத்தான் ஆய்வுகள் சோதித்தன. மாரடைப்புக்குப் பிறகு மஜ்ஜை செல் கொடுத்தால் இறப்பு குறையுமா என்று பார்க்க ஐரோப்பாவில் 3,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்ட பாமி ஆய்வில் 375 பேர்தான் சேர்ந்தார்கள். 2020இல் வந்த முடிவு: இரண்டு ஆண்டில் இறப்பு செல் பெற்றவர்களில் 3.26 சதவீதம், பெறாதவர்களில் 3.82. இந்த வேறுபாட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது. நாள்பட்ட இதயச் செயலிழப்பில் 15 கோடி செல்லை இதயத் தசையிலேயே குத்திப் பார்த்த டிரீம்-எச்.எஃப். ஆய்வு 537 பேரை வைத்து நடந்தது. மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேருவதைக் குறைக்கும் என்ற அதன் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரிந்தது உண்மை, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பதும் உண்மை. நம் நாட்டிலேயே 5 மையங்களில் 250 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பாதுகாப்பாக இருந்தது, பலன் இல்லை. குறித்த அளவு செல் கிடைத்தவர்களிடம் மட்டும் ஏதோ இருக்கலாம் என்ற குறிப்போடு முடிந்தது. இந்தியக் கைகள் செய்த இந்த ஆய்வே எண்ணிக்கையைத்தான் கேட்கிறது.

இப்போது நாங்கள் சொல்ல வந்த முக்கிய விஷயம்: நீங்கள் காட்டும் எக்கோ.

மாரடைப்பு வந்த மூன்றாம் நாள் எக்கோவில் பம்பிங் 35 என்று வரும். அடைப்பை நேரத்துக்குத் திறந்திருந்தால், செத்துப்போகாமல் மரத்துப்போன தசை சில வாரங்களில் தானாக விழித்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து 45. எந்தச் செல்லும் போடாமல் வரும் எண் இது. பிரசவத்தை ஒட்டி இதயம் வீங்கிய பெண்கள், வைரஸ் தாக்கியவர்கள், வேகத்துடிப்பால் தளர்ந்தவர்கள், குடியை நிறுத்தியவர்கள் என்று பலருக்கும் மாத்திரையிலேயே பம்பிங் இயல்பு நிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதற்கு மேல், எக்கோ அளவீட்டிலேயே ஆட்டம் உண்டு. ஒரே நோயாளியை ஒரே நாளில் இரண்டு பேர் பார்த்தால் 5 முதல் 10 புள்ளி வரை மாறும். கண்ணால் பார்த்துச் சொன்ன 30ஐயும், சிம்ப்சன் முறையில் வரைந்து அளந்த 38ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் நடக்காமலே 8 புள்ளி ஏறியதாகத் தெரியும். ஆகவேதான் ஆய்வுகளில் செல் போடாத குழு ஒன்று இருக்கிறது, எக்கோ பார்ப்பவருக்கு யார் எந்தக் குழு என்று சொல்வதில்லை, முடிந்தால் எம்.ஆர்.ஐ.யில் அளக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல், நீங்களே எடுத்த முன்பின் எக்கோவை விளம்பரத்தில் போடுவது, தானாக வந்ததற்கும் மாத்திரை கொண்டுவந்ததற்கும் உங்கள் பெயரில் ரசீது போடுவதாகும். எக்கோ அறையில் இருப்பவர்களாகச் சொல்கிறோம்: எங்கள் எண்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

நோயாளிக்கு இதில் பணம் மட்டும் போனால்கூட ஒரு வகையில் தாங்கிக்கொள்ளலாம், நகைக்கடன் எடுத்தவர்களின் நிலை எங்களுக்குத் தெரிந்தும் இதைச் சொல்கிறோம். போவது காலம். செல் போட்டாயிற்று என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் வருகிறார்கள். சாக்யூபிட்ரில்–வல்சார்டன், மெட்டோப்ரோலால் அல்லது கார்வெடிலால் அல்லது பிசோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், டபாக்ளிஃப்ளோசின் என்ற நான்கு வகையையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்து, ரத்த அழுத்தம் தாங்கும் அளவுக்குக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களிடம் ஒப்பிட்டு, இறப்பைக் குறைக்கும் என்று நிரூபணமானவை இவை. டபாக்ளிஃப்ளோசின் இன்று பல கம்பெனிகளின் மாத்திரையாக மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் தாளோடு வருபவர்களில் பலர் நான்கில் இரண்டுகூட முழு அளவில் சாப்பிட்டிருப்பதில்லை. மூன்று மாதம் சரியாக மருந்து கொடுத்தும் பம்பிங் 35க்கு மேல் ஏறாதவருக்கு திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி தேவையா என்று பார்க்க வேண்டும். இ.சி.ஜி.யில் இடது கிளை அடைப்பு (இதயத்தின் இடப்பக்கத்துக்கு மின்துடிப்பு தாமதமாகப் போவது) அகலமாக இருந்தால், இரு பக்கத்தையும் சேர்ந்து துடிக்க வைக்கும் சி.ஆர்.டி. பேஸ்மேக்கர். அந்த மூன்று மாதத்தை மூன்று சிட்டிங்குக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் தூக்கத்தில் இறந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் செல் சிகிச்சையின் விளைவாக ஏறாது.

இதய மாற்று தேவைப்படுபவர்களுக்கு இன்னும் மோசம். நாள் போகப்போக நுரையீரல் ரத்தக்குழாய்களின் எதிர்ப்பு ஏறும். ஓர் எல்லைக்கு மேல் போய், மருந்துக்கும் இறங்காவிட்டால், பொருத்தும் புது இதயத்தின் வலப்பக்கம் அதைத் தள்ள முடியாமல் நின்றுவிடும்; அவரைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்க்கவே முடியாது. தொப்புள்கொடி செல், பிறர் கொடுத்த செல் என்று நீங்கள் செலுத்துபவற்றால் நோயாளியின் உடலில் பிறரின் திசு அடையாளங்களுக்கு எதிர்ப்பொருள் உண்டாகவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் பின்னால் அவருக்குப் பொருந்தும் இதயம் கிடைப்பது இன்னும் கடினம். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியவரைச் சிட்டிங்குக்கு வரச்சொல்வதை மன்னிக்க முடியவில்லை.

சட்டம் தெளிவாக இல்லை என்பது நீங்கள் சொல்லும் வாதம். சொந்த செல், சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதோடு சரி, அது மருந்தே அல்ல என்கிறீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்களுக்கான ஏற்கப்பட்ட மஜ்ஜை மாற்று தவிர, எந்த ஸ்டெம் செல் பயன்பாடும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம் என்கின்றன. குறைந்த மாற்றம் செய்த சொந்த செல்லுக்கும் இது பொருந்தும். வளர்த்தெடுத்த செல்லோ, கொழுப்பிலிருந்து என்சைம் போட்டுப் பிரித்த செல்லோ என்றால் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளும் சேர்ந்துகொள்ளும். ஆய்வில் பங்கேற்பவரிடம் ஆய்வுக்கான செலவை வாங்கக் கூடாது என்பது ஆராய்ச்சி நெறியின் அடிப்படை. 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டத்தின் பட்டியலில் இதய நோய்களும் இருக்கின்றன.

நாங்கள் கேட்பவை இவை.

கட்டணம் வாங்கி இதய நோய்க்கு ஸ்டெம் செல் செலுத்துவதை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டி, இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களுக்குப் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுங்கள்.

தொடர்ந்து செய்ய விரும்பினால் ஆய்வாகச் செய்யுங்கள். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான நிறுவனக் குழுவின் ஒப்புதல், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தேவைப்படும் இடத்தில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி, மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண் ஆகிய எல்லாவற்றையும் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிடுங்கள். சி.டி.ஆர்.ஐ.யில் பதிந்தது மட்டுமே அனுமதி ஆகிவிடாது. அந்தப் பதிவில் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதி நிலை என்ற கட்டம் இருக்கிறது, அதில் என்ன இருக்கிறதோ அதையும் எழுதுங்கள். ஒப்பீட்டுக் குழு வேண்டும். பங்கேற்பவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

இதுவரை சிகிச்சை பெற்ற ஒவ்வொருவருக்கும் அவருடைய செல் அறிக்கையைக் கொடுங்கள்: எடுத்த மஜ்ஜையின் அளவு, மொத்த எண்ணிக்கை, உயிருள்ள விகிதம், சி.டி.34, கிருமிச் சோதனை முடிவு, செலுத்திய வழி, தேதி, சொந்த செல்லா பிறர் செல்லா. இதில் எது அளக்கப்படவில்லையோ அதற்கு நேரே அளக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறர் செல் பெற்றவர்களுக்கு எதிர்ப்பொருள் சோதனையை உங்கள் செலவில் செய்துகொடுங்கள்.

முன்பின் எக்கோ படங்களையும் பம்பிங் ஏறும் என்ற வாக்குறுதியையும் தாள், வீடியோ, வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

நோயாளிகளை அனுப்பிவைக்கும் மருத்துவர்களிடம் ஒன்று. அனுப்பும் கடிதத்தில் அந்த நான்கு மருந்துகளின் பெயரும் இன்றைய அளவும் எழுதுங்கள். எது குறைகிறதோ அதன் காரணத்தையும் எழுதுங்கள். ஐ.சி.டி., சி.ஆர்.டி., இதய மாற்று மூன்றும் பார்க்கப்பட்டதா என்பதையும் எழுதுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. அதில் அவருக்கு எது கிடைக்கும் என்று முதலில் சொல்லுங்கள். இந்தக் கடிதம் எழுதி முடித்த பிறகும் செல் சிகிச்சைக்கு அனுப்பத் தோன்றினால், அதற்கான ஆய்வின் பதிவு எண்ணை அதன் கீழே எழுதுங்கள். எண் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

செல் அறிக்கைகளை 30 நாளுக்குள் நோயாளிகளிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். அறிக்கை வந்து சேராத நோயாளிகளின் தாள்களை, அவர்கள் சம்மதித்தால், மருத்துவ கவுன்சிலுக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் அதிகாரிக்கும் அவர்களோடு சேர்ந்து கொண்டுபோய்க் கொடுப்போம்.

எக்கோ, கேத் லேப், செல் ஆய்வகம், இதயச் செயலிழப்பு கிளினிக் பணியாளர்கள்
சென்னை